அலுவலக மின்னஞ்சலை ஆவணமாக வைப்பது: சின்ன நிறுவனத்துக்கு எந்த வழி ஒத்துவரும்?

"இன்ஸ்ட்ரக்‌ஷன் எங்க இருக்கு? ஒரு இமெயில் காட்டுங்க, உடனே கையெழுத்துப் போடுறேன்."

மெயின் கான்ட்ராக்டரின் க்யூஎஸ், அதாவது வேலையை அளந்து தொகையைச் சரிபார்ப்பவர், இதைக் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் கூடுதலாக 42 விளக்குப் புள்ளிகள் போட்டு, கேபிள் ட்ரே போகும் பாதையையும் மாற்றிக் கொடுத்திருந்தோம். விஓ, அதாவது ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் அல்லது மாற்று வேலைக்கான தொகை, 30,000 வெள்ளிக்கு மேல். வேலை முடிந்துவிட்டது, விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. செய்யச் சொன்ன மின்னஞ்சலைத்தான் காணோம்.

அது வந்தது எங்கள் புராஜெக்ட் இன்ஜினியருக்கு. அவர் வேலையை விட்டுப் போய் நாலு மாதமாகியிருந்தது. அவர் போன அதே வாரத்தில் அவருடைய மின்னஞ்சல் லைசென்ஸை எடுத்துவிட்டோம், மாதாமாதம் வீணாகக் காசு போக வேண்டாமே என்று. மைக்ரோசாஃப்ட் 365-ல் லைசென்ஸை எடுத்தால் 30 நாள்வரைதான் அந்த அஞ்சல்பெட்டி இருக்கும், அதன் பிறகு அழிந்துவிடும். அப்படியே அழிந்தது. புராஜெக்ட் ஃபைலில் அந்த மின்னஞ்சலின் பிடிஎஃப் மட்டும் இருந்தது. 'இணைப்பில் குறித்தபடி செய்யவும், விஓ-வாக கிளெய்ம் செய்துகொள்ளலாம்' என்று இரண்டே வரி. இணைப்பு இல்லை. எந்த வரைபடம், அதில் எந்தத் திருத்தம், எத்தனை புள்ளி என்று எதையும் அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியவர் ஸ்டோர் பார்க்கும் அக்கா. கேபிள் வாங்க வேண்டியிருந்ததால் இன்ஜினியர் பதில் போடும்போது அவரையும் சிசி-யில் சேர்த்திருக்கிறார். அந்தப் பதிலுக்குக் கீழே மூல மின்னஞ்சல், கூடவே சிவப்புப் பேனாவால் குறித்த வரைபடம். பணம் வந்தது. ஆனால் அந்த மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. தற்செயலாக ஒருவர் சிசி-யில் இருந்ததை நம்பி ஒரு நிறுவனம் நடக்கக் கூடாது.

நான் ஊபியில் 24 பேர் வேலை செய்யும் மின்சார சப்கான்ட்ராக்டர் அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். இப்போது மின்னஞ்சல் லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம். முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எல்லா மெயிலையும் பத்திரமா வைக்க எதும்மா நல்லது? ஒண்ணு சொல்லு." ஒன்றைச் சொல்வதற்காக எல்லாவற்றையும் பார்த்தேன். இதே கேள்வியோடு சிராங்கூன் சாலையிலும் காக்கி புக்கிட்டிலும் அங் மோ கியோவிலும் எத்தனையோ சின்ன அலுவலகங்கள் இருக்கும். அதனால் பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

எத்தனை வருடம், யார் சொன்னது

எங்கே வைப்பது என்பதற்கு முன்னால், எவ்வளவு காலம் வைப்பது என்று தெரிய வேண்டும். இங்கேதான் பலர் '5 வருஷம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நிறுவனச் சட்டப்படி கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைக்க வேண்டும் என்பது சரிதான். வருமான வரிக்கும் 5 ஆண்டுதான், ஆனால் அந்த எண்ணிக்கை மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே 2024 பிப்ரவரியில் வந்த ஒரு இன்வாய்ஸ் மின்னஞ்சலை 2029 பிப்ரவரியில் அழித்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

ஒப்பந்தத் தகராறு இன்னும் நீளமானது. காலவரம்புச் சட்டத்தின்படி ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம், அதுவும் மீறல் நடந்த நாளிலிருந்து. கட்டுமான வேலைகளில் டிஎல்பி என்று, குறை வந்தால் நாமே சரிசெய்து கொடுக்க வேண்டிய 12 மாதம் பெரும்பாலும் உண்டு. வேலையை ஒப்படைத்து ஒரு வருடம் கழித்துக்கூட ஒரு பிரச்சினை பிறக்கலாம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் நாங்கள் 'ஃபைனல் அக்கவுண்ட் முடிந்து 7 ஆண்டு' என்று வைத்துக்கொண்டோம். இன்னொரு பக்கம், கட்டுமானத் துறைக்கான கட்டண உத்தரவாதச் சட்டத்தின் கீழ் நாம் பேமென்ட் கிளெய்ம் அனுப்ப, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து பொதுவாக 30 மாதம்தான். தேவைப்படும் மின்னஞ்சல் அந்த 30 மாதத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். எங்கோ பத்திரமாக இருந்து, ஆனால் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இல்லாததற்குச் சமம்.

ஊழியர் பதிவேடு வேறு மாதிரி. வேலையில் இருப்பவருக்குக் கடைசி 2 ஆண்டுப் பதிவுகள், போனவருக்கு அந்த 2 ஆண்டுப் பதிவுகளை அவர் போனபின் இன்னும் 1 ஆண்டு. இதற்கு மேல் காரணமில்லாமல் வைத்திருந்தால் அதுவே தப்பாகிவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2012), தேவை முடிந்த தனிநபர் தகவலை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்கிறது. எங்கள் இன்பாக்ஸ்களில் என்ன கிடக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து தேடினேன். சைட் பாஸ் எடுக்க அனுப்பிய ஊழியர்களின் பாஸ்போர்ட் நகல்கள், வேலை கேட்டு வந்து நாங்கள் எடுக்காதவர்களின் பயோடேட்டா, ஒருவருடைய மருத்துவ விடுப்புச் சீட்டு. எல்லாம் பல வருடம் பழசு. கணக்கு ஒன்று களவு போனால் இவை அத்தனையும் போகும். கடுமையான தீங்கு வரக்கூடிய கசிவு, அல்லது 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்ட கசிவு என்று மதிப்பிட்டால் 3 நாட்காட்டி நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த 3 நாளில் பழைய இன்பாக்ஸில் என்ன இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லாவற்றையும் எப்போதும் வைத்துக்கொள்வதும் ஆபத்து, அவரவர் இஷ்டத்துக்கு அழிப்பதும் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன்.

இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, முன்னால் சொன்ன கதையே போதும். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அழித்தது திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்கள் நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-ன் மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், குப்பையிலிருந்தும் நீக்கிய மின்னஞ்சலை மீட்க வழக்கமாக 14 நாள், நிர்வாகி மாற்றி வைத்தால் 30 நாள். ஜிமெயிலில் குப்பையில் 30 நாள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு ஊழியரின் கணக்கையே நீக்கிவிட்டால் மீட்க 20 நாள். விஓ தகராறு வருவதோ நாலைந்து மாதம் கழித்து.

ஆள் போகும்போது இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. லைசென்ஸை எடுப்பதற்கு முன் அவருடைய அஞ்சல்பெட்டியை, பலர் சேர்ந்து பார்க்கக்கூடிய ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிவிடலாம். 50 ஜிபி வரை அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இது மட்டும் எங்களுக்கு அன்றே தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரம் இல்லை. வேறு எதுவும் செய்ய முடியாதவர்கள் இதையாவது இன்றைக்கே செய்யுங்கள்.

பிஎஸ்டி எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைப்பது

இங்கே பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் எந்த அலுவலகத்திலும் அலமாரியைத் திறந்தால் இப்படி ஒரு டிஸ்க் இருக்கும். எங்களிடம் மூன்று. வருடம் முடிந்ததும் அவுட்லுக்கில் ஆர்க்கைவ் செய்து, பிஎஸ்டி கோப்பை டிஸ்கில் போட்டு, மேலே மாஸ்கிங் டேப்பில் வருடத்தை எழுதி ஒட்டிவிடுவது வழக்கம். செலவு டிஸ்க் விலை மட்டும்தான். இன்பாக்ஸ் இலகுவாகிவிடும். ஏதோ பத்திரப்படுத்திவிட்டோம் என்ற நிம்மதியும் வரும்.

அந்த நிம்மதியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை 2015 டிஸ்கை எடுத்து மாட்டினேன். 18 ஜிபி கோப்பு ஒன்று. அவுட்லுக் திறக்க மறுத்தது, பிழை இருக்கிறது, இன்பாக்ஸ் ரிப்பேர் டூலை ஓட்டு என்றது. ஓட்டினேன். காலை பத்தரைக்குத் தொடங்கியது, மத்தியானம் சாப்பிட்டு வந்தும் முடியவில்லை. மூன்று மணிக்கு மேல் திறந்தது. ஃபோல்டர்கள் இருந்தன, சிலவற்றில் தலைப்பு வரிசை இருந்து உள்ளே எதுவும் இல்லை. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் வந்திருந்தது, அதில் எந்த வேலையோடு சேர்ந்தது என்று தெரியாத நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்கள்.

இத்தனைக்கும் அந்த டிஸ்க் கீழே விழவில்லை, ஈரத்தில் இருக்கவில்லை. பிஎஸ்டி என்பது ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை ஒரே கோப்புக்குள் அடைத்த மூட்டை. மூட்டையில் ஒரு இடம் கெட்டாலும் முழு மூட்டையையும் அவிழ்க்க முடியாமல் போகலாம். அவுட்லுக் 2010-லிருந்து 50 ஜிபி வரை வளர விடுகிறார்கள், அவுட்லுக் 2003-க்கு முந்தைய பழைய வகைக்கு 2 ஜிபிதான் எல்லை. கோப்பைப் பகிர்வு டிரைவில் வைத்து நெட்வொர்க் வழியாகத் திறப்பதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை, ஆனால் நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் அந்த டிஸ்க் யாருடைய மேசையில் இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் உண்டா, உள்ளே எத்தனை பாஸ்போர்ட் நகல் இருக்கிறது என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. என் தீர்ப்பு: இனி புதிதாக ஒரு பிஎஸ்டிகூட உருவாக்கக் கூடாது.

அச்செடுப்பது, பிடிஎஃப் ஆக்குவது

முதலாளிக்குப் பிடித்த வழி இது. அவர் காகிதக் காலத்து மனிதர், ஃபைலைப் புரட்டினால் வேலை முழுவதும் கண்முன் வர வேண்டும் அவருக்கு. அதில் நியாயம் இருக்கிறது. புராஜெக்ட் ஃபைலைத் திறந்ததும் விலைப்பட்டியல், ஆர்டர், கடிதம், மின்னஞ்சல் எல்லாம் தேதி வரிசையில் இருப்பதைப்போல வசதி வேறில்லை.

ஆனால் அச்செடுக்கும்போது மின்னஞ்சலில் என்னென்ன உதிர்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் துவாஸ் மின்னஞ்சலின் மூலத்தை அக்காவின் கணக்கிலிருந்து எடுத்து, நோட்பேடில் திறந்து முதலாளியிடம் காட்டினேன். மேலே முப்பது நாற்பது வரி, அது எந்தச் சர்வரிலிருந்து எந்தச் சர்வருக்கு எத்தனை மணிக்குப் போனது என்று. ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் அது எந்த நேர வலயம் என்ற குறிப்பு, நம் ஊர் நேரமென்றால் +0800. அந்த மின்னஞ்சலுக்கு மட்டுமே உரிய மெசேஜ்-ஐடி. கீழே, கண்ணுக்கு வெறும் எழுத்துக் குவியலாகத் தெரியும் பகுதிதான் அந்தச் சிவப்புப் பேனா வரைபடம். எங்கள் பிடிஎஃபில் இருந்ததோ அனுப்பியவர் பெயர், தேதி, இரண்டு வரி. மின்னஞ்சலில் சாட்சி சொல்லக்கூடிய பகுதி எல்லாம் வெளியே நின்றுவிட்டது.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் (2010), வைத்திருக்க வேண்டிய ஆவணங்களை மின்னணு வடிவில் வைக்க அனுமதிக்கிறது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பின்னால் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். உருவான அல்லது வந்த வடிவத்தில், இல்லையென்றால் அதைச் சரியாகப் பிரதிபலிக்கிறது என்று காட்டக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். எங்கிருந்து யாருக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்ற விவரம் இருந்தால் அதையும் சேர்த்து வைக்க வேண்டும். இணைப்பைத் தொலைத்த பிடிஎஃப் இந்த இரண்டாவது நிபந்தனையிலேயே தடுக்கி விழும். சாட்சியச் சட்டமும் 2012 திருத்தத்துக்குப் பிறகு மின்னணுப் பதிவுகளைப் பற்றிச் சில அனுமானங்களைத் தருகிறது. வழக்கமான தொழில் நடைமுறையில், வழக்கில் எந்தத் தரப்பாகவும் இல்லாத ஒருவர் பதிந்து வைத்த பதிவுக்கு அதில் மதிப்பு உண்டு. 'வழக்கமான நடைமுறை' என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். தகராறு வந்த பிறகு அவசர அவசரமாக அச்செடுத்த தாளுக்கும், வந்த அன்றே எல்லா வேலைக்கும் செய்வதுபோலப் பதிந்த கோப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிஎஃப் ஜெயிக்கிறது, அது நம் மொழி சம்பந்தப்பட்டது. நான் உறுப்பினராக இருக்கும் ஒரு தமிழ் அமைப்பின் 2000-களின் தொடக்கத்து மின்னஞ்சல்களைத் திறந்தபோது மனம் கனத்துப்போனது. கூட்டக் குறிப்பு, விழா ஏற்பாடு, நன்கொடையாளருக்கு எழுதிய கடிதம் எல்லாம் யூனிகோடுக்கு முன் புழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டின் எழுத்துருவில் எழுதியவை. இன்றைய கணினியில் அவை புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளும் குறிகளுமாகத்தான் வருகின்றன. தமிழ் எழுத்துக் குறியீட்டைப் பற்றி உலகத் தமிழர்கள் கூடிப் பேசிய தமிழ்நெட்'97 மாநாடு இதே சிங்கப்பூரில்தான் நடந்தது. அந்தக் காலத்து மின்னஞ்சலையே இன்று நம்மால் படிக்க முடியவில்லை. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். அன்றைக்கு எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஒன்றை யாராவது எடுத்திருந்தால் அப்படியே படிக்கலாம். ஆகவே யூனிகோடுக்கு முந்தைய தமிழ் மின்னஞ்சல் வைத்திருக்கும் அமைப்புகள் மூலத்தையும் வையுங்கள், படிக்கக்கூடிய பிடிஎஃப் ஒன்றும் எடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள்.

எல்லாவற்றையும் தானாகப் பிடித்து வைப்பது

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். மைக்ரோசாஃப்டில் ரிடென்ஷன் பாலிசி (எதை எவ்வளவு காலம் வைப்பது என்ற அமைப்பு), கூகுளில் அதே வேலையைச் செய்யும் வால்ட், அல்லது வரும் போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலையும் தனிக் கிடங்குக்கு அனுப்பும் ஜர்னலிங். ஊழியர் அழித்தாலும் நகல் நிற்கும், யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். நிதித் துறையில் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுத்துவிடலாம்.

இதற்குத் திட்டத்தை உயர்த்த வேண்டியிருக்கும். மைக்ரோசாஃப்டின் சிறு நிறுவனத் திட்டங்களில் பிசினஸ் பிரீமியத்தில்தான் எக்ஸ்சேஞ்ச் ஆர்க்கைவிங் சேர்ந்து வருகிறது. கூகுளில் வால்ட் வேண்டுமென்றால் பிசினஸ் பிளஸ் அல்லது அதற்கு மேல். வால்ட் இருக்கிறதே என்று போன ஊழியரின் கணக்கை நீக்கினால் வால்டில் இருப்பதும் சேர்ந்து போய்விடும், அதற்குத் தனியாக ஆர்க்கைவ்டு யூசர் லைசென்ஸ் வேண்டும். இது தெரியாமல் ஏமாந்தால் நம் கதையே அங்கும் நடக்கும்.

செலவைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இப்படிப் பிடித்து வைத்த மின்னஞ்சல் ஊழியரின் கண்ணுக்குத் தெரியாது. நிர்வாகி உள்ளே போய், தேடல் அமைத்து, முடிவை இறக்கிக் கொடுக்க வேண்டும். சோதனைக் கணக்கில் 'துவாஸ்' என்று தேடிப் பார்த்தேன். அறுநூறுக்கு மேல் வந்தது. டெலிவரி ஆர்டர், லாரி எத்தனை மணிக்கு வரும், மத்தியானச் சாப்பாடு எத்தனை பொட்டலம் என்பதெல்லாம் சேர்த்து. அதில் எது கடைசி விலை, எது ஒப்புக்கொண்ட வரைபடம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும், அவரோ போய்விட்டார். ஆகவே இது அடியில் விரித்த வலை. விழுந்ததைப் பிடிக்கும், அடுக்கி வைக்காது. எத்தனை ஆண்டு கழித்துத் தானாக அழிய வேண்டும் என்றும் அமைக்காவிட்டால் அந்த பாஸ்போர்ட் நகல்கள் என்றென்றைக்கும் நிற்கும்.

இதிலேயே சிக்கனமான ஒரு வகை உண்டு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013-ல் கேப்ஸ்டோன் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலையும் பார்த்துப் பிரிக்காமல், யாருடைய பொறுப்பு என்பதை வைத்துப் பிரிப்பது. முடிவெடுக்கும் உயர் அதிகாரிகளின் கணக்கு முழுவதையும் நிரந்தரமாக வைப்பார்கள், மற்றவர்களுடையதைக் குறிப்பிட்ட காலம்வரை. நமக்கு இதை அப்படியே எடுக்க முடியாது, ஏனென்றால் எங்கள் துறையில் 30,000 வெள்ளி முடிவு சைட் இன்ஜினியரின் கைப்பேசியில் நடக்கிறது. ஆனால் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செயலாளர் மாறுவார், சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவருடைய சொந்த ஜிமெயிலோடு போய்விடும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவியின் பெயரில் மூன்று கணக்கு வைத்து, புதுக் குழு வந்ததும் கடவுச்சொல்லை ஒப்படைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அறக்கொடை அமைப்பாகப் பதிந்திருந்தால் கணக்கு ஆவணங்களுக்கு 5 ஆண்டு கடமையும் இருக்கிறது என்பதைப் பொருளாளர்கள் மறக்க வேண்டாம்.

வேலைவாரியாகக் கையால் பதிவது

கடைசியாகப் பார்த்தது இது, எனக்கு நம்பிக்கை வந்ததும் இதில்தான். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் வேலை எண்ணோடு ஒரு ஷேர்டு மெயில்பாக்ஸ். வெளியே போகும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அது சிசி-யில் இருக்கும். முக்கியமான மின்னஞ்சலை வந்த அன்றே இஎம்எல் கோப்பாக இறக்கி, புராஜெக்ட் ஃபோல்டரில் தேதி, விஓ எண், இரண்டு சொல் விளக்கம் என்று பெயரிட்டுப் போட வேண்டும். இஎம்எல் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கோப்பு, இணைப்புகள் உள்ளேயே, தலைப்பு வரிகள் அப்படியே. அவுட்லுக் இல்லாவிட்டாலும் தண்டர்பேர்டில் திறக்கும். ஜிமெயிலில் 'டவுன்லோட் மெசேஜ்' என்று அழுத்தினால் இதே வடிவம்தான் வரும், அவுட்லுக்கின் இணையப் பதிப்பிலும் இப்படி இறக்கலாம். பழைய அவுட்லுக் செயலியிலிருந்து இழுத்துப் போட்டால் எம்எஸ்ஜி வடிவம் வரும், அதிலும் இணைப்பு உள்ளே இருக்கும், ஆனால் மைக்ரோசாஃப்டைச் சார்ந்தது.

எது முக்கியம் என்று யார் தீர்மானிப்பது என்பதுதான் இந்த வழியின் கஷ்டம். பெரிய பட்டியல் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். நாங்கள் சொல்லிவைத்தது இவ்வளவுதான்: செய்யச் சொன்னது, விலை ஒப்புக்கொண்டது, தேதி மாறியது, சோதித்து ஏற்றுக்கொண்டது, பணம் கேட்டதும் மறுத்ததும். இவற்றில் சேராதது இன்பாக்ஸிலேயே கிடக்கட்டும், 2 ஆண்டில் தானாக அழியும். ஊழியர் சம்பந்தப்பட்ட மின்னஞ்சல் என்னிடம் மட்டும் வர வேண்டும், புராஜெக்ட் பெட்டிக்குள் பாஸ்போர்ட் நகல் போகக் கூடாது.

ஒரு வேலையில் மட்டும் இரண்டு மாதம் செய்து பார்த்தோம். முதல் வாரம் எல்லோரும் மறந்தார்கள். சைட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வரும் இன்ஜினியரிடம் 'கோப்புக்குப் பெயர் வையுங்கள்' என்பது கொஞ்சம் அநியாயம்தான். பிறகு பெயர் வைத்துப் பதியும் வேலையை ஸ்டோர் அக்கா எடுத்துக்கொண்டார். இன்ஜினியர் செய்ய வேண்டியது ஷேர்டு பெட்டியில் அந்த மின்னஞ்சலுக்குச் சிவப்புக் கொடி வைப்பது மட்டும். அக்கா மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். "தம்பி, இதுல டிராயிங் இல்லியே, திரும்ப அனுப்பச் சொல்லுங்க" என்று அன்றே கேட்க முடிகிறது. எந்தத் தானியங்கிக் கருவியும் இந்தக் கேள்வியைக் கேட்காது. அதனால்தான் நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன்.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சைட்டில் பாதிப் பேச்சு அதில்தான். அதை ஆர்க்கைவ் செய்ய வழி தேடி அலைவதைவிட, அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுவது சுலபம்: 'இன்று மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னபடி, இரண்டாம் மாடியில் 6 புள்ளி சேர்க்கிறோம், படம் இணைப்பில்.' எதிர்த்தரப்பு பதில் போடாவிட்டாலும் அந்தத் தேதியில் நாம் சொன்னது பதிவாகிவிடும்.

முதலாளியிடம் சொன்னது

'ஒண்ணு சொல்லு' என்றவரிடம் இரண்டைச் சொன்னேன். வேலைவாரியாகப் பதிவதுதான் முதல். அதற்கு அடியில் வலையாக ரிடென்ஷன் பாலிசி, எல்லோருக்கும் வேண்டாம், மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுக்கிற, வாங்குகிற ஒன்பது பேருக்கு மட்டும் பிசினஸ் பிரீமியம். மற்ற கணக்குகள் இப்போதிருக்கும் திட்டத்திலேயே இருக்கட்டும். அலுவலகம் ஐந்து பேர்தான் என்றால் வலையைக்கூடத் தள்ளிப்போடலாம், ஷேர்டு பெட்டியும் கோப்புப் பதிவும் போதும். நூறு பேருக்கு மேல் என்றால் தலைகீழ், அங்கே ஒவ்வொருவரின் பழக்கத்தையும் நம்ப முடியாது, தானியங்கியை முதலில் போட்டுவிட்டுத்தான் பதிவைப் பற்றிப் பேச வேண்டும்.

அவர் கேட்ட ஒரே எதிர்க்கேள்வி அழிப்பதைப் பற்றி. "எதுக்கும்மா அழிக்கணும்? கெடக்கட்டுமே." நம் அரசாங்க அலுவலகங்களில்கூட பொது ஆவணத்தைத் தேசிய நூலக வாரியத்தின் அனுமதி இல்லாமல் அழிக்க முடியாது, ஆனால் அனுமதி பெற்று முறையாக அழிக்கிறார்கள் என்றேன். நமக்கு அந்த அனுமதியை நாமே கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் 7 ஆண்டு முடிந்த வேலைகளின் பட்டியலை எடுத்து, தகராறோ வாரண்டியோ நடப்பில் இல்லை என்று பார்த்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அழிப்போம். எந்த வேலையை எப்போது அழித்தோம் என்ற அந்த ஒரு தாள் மட்டும் எப்போதும் இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பாஸ்போர்ட் நகல்ல இருந்து ஆரம்பி" என்றார்.

அலமாரியில் இருக்கும் மூன்று டிஸ்க்குகள் இன்னும் பாக்கி. வாரண்டி நடப்பில் இருக்கும் வேலைகளை மட்டும் முதலில் எடுத்து, ஒவ்வொரு மின்னஞ்சலாக இஎம்எல் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமைகளில் நானும் அக்காவும். இதுவரை இரண்டு வேலை முடிந்திருக்கிறது, இன்னும் ஐந்து இருக்கிறது.